தீபாவளிக்கு பாஸுக்குப் பரிசு: டெல்லி அலுவலகங்களில் எது பொருந்தும், எது இடறும்

கேள்வி கேட்டவர் திருநெல்வேலிக்காரர். ஓக்லாவில், ஓர் அமெரிக்க நிறுவனத்தின் கிளையில் வேலை பார்க்கிறார். மனைவி எஸ்.எஸ்.சி. (மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையம்) தேர்வு எழுதி, மத்திய அமைச்சகம் ஒன்றில் உதவிப் பிரிவு அலுவலராகச் சேர்ந்திருக்கிறார். டெல்லியில் இருவருக்கும் இது முதல் தீபாவளி. மனைவியின் செக்‌ஷனில் சார்புச் செயலாளருக்கு வெள்ளிக் காசு வாங்கித் தர ஆளுக்கு ஆயிரம் ரூபாய் வசூலிக்கிறார்கள். கணவருக்கோ தன் மேனேஜருக்குத் தனியாக ஏதாவது தர வேண்டுமா என்று தெரியவில்லை. ஊரிலிருந்து அம்மா அல்வா அனுப்புகிறார். அதையே கொடுத்தால் மட்டமாக நினைப்பார்களோ என்று ஒரு சந்தேகம்.

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அல்வா தாராளமாகக் கொடுங்கள், ஆனால் பாஸுக்கு மட்டுமில்லாமல் எல்லோருக்கும் கொடுங்கள். அவருக்குத் தனியாகப் பரிசு எதுவும் தேவையில்லை. மனைவியின் அலுவலகத்தில் நடக்கும் வசூலுக்கு மட்டும் பணம் தரவே வேண்டாம். அது பழக்கவழக்கம் சம்பந்தப்பட்ட கேள்வி இல்லை, விதியே தடுக்கிறது.

பணிக்காலத்தின் பெரும்பகுதியை நான் அமைச்சக நிர்வாகப் பிரிவுகளில் கழித்தவன். ஓய்வுக்குப் பின் சில வருடங்கள் தனியார் நிறுவனம் ஒன்றில் ஆலோசகராகவும் இருந்தேன். இரண்டு இடத்திலும் கவனித்த விஷயம் ஒன்று உண்டு. மேலதிகாரிக்குப் பரிசு கொடுப்பவர், 'அவர் என்ன நினைப்பார்' என்றே யோசிக்கிறார். அந்த அதிகாரி பெரும்பாலும் எதுவுமே நினைப்பதில்லை. தீபாவளி வாரத்தில் அவர் மேசைக்கு இருபது டப்பா வரும், எது யார் கொடுத்தது என்று வீட்டுக்குப் போவதற்குள் மறந்திருப்பார். மறக்காமல் இருப்பவர் உங்கள் பக்கத்து நாற்காலிக்காரர். நீங்கள் கையில் பையோடு கேபினுக்குள் போனதையும் வெறுங்கையோடு திரும்பி வந்ததையும் அவர் பார்த்திருப்பார். ஏப்ரலில் உங்களுக்கு நல்ல இன்க்ரிமென்ட் வந்தால், நீங்கள் உழைத்து வாங்கியதாகவே இருந்தாலும், அவருக்கு அந்தப் பைதான் ஞாபகம் வரும். அதனால் எதைக் கொடுப்பதாக இருந்தாலும் மற்ற ஊழியர்களுக்கு இது எப்படித் தெரியும் என்று ஒரு தடவை யோசித்துப் பாருங்கள். முக்கால்வாசிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

இனி மனைவியின் விஷயம். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பல வருடம் சர்வீஸ் போட்டவர்களுக்கே இது சரியாகத் தெரிவதில்லை.

மத்திய குடிமைப் பணிகள் (நடத்தை) விதிகள், 1964-இல் 13வது விதி பரிசுகளைப் பற்றியது. விதிகள் அனுமதித்தவை தவிர அரசு ஊழியர் எந்தப் பரிசையும் வாங்கக் கூடாது, தன் குடும்பத்தாரோ தன் சார்பில் வேறு எவருமோ வாங்கவும் அனுமதிக்கக் கூடாது என்றுதான் அது தொடங்குகிறது. 'சார் வீட்டில் மேடத்திடம் கொடுத்துவிடலாம்' என்ற யோசனை முதல் வரியிலேயே அடிபட்டுப் போகிறது. கல்யாணம், சமயச் சடங்கு மாதிரியான சந்தர்ப்பங்களில் ஊர் வழக்கப்படி தரும் பரிசுகளை நெருங்கிய உறவினரிடமிருந்தும், அலுவல் தொடர்பு இல்லாத நண்பர்களிடமிருந்தும் வாங்கலாம். குரூப் ஏ, அதாவது சார்புச் செயலாளர் போன்ற உயர்நிலை அதிகாரி என்றால், அப்படி வாங்கியது 25,000 ரூபாய்க்கு மேல் போகும்போது அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். 'அலுவல் தொடர்பு இல்லாத' என்ற சொற்களைக் கவனியுங்கள். தினமும் ஃபைல் எடுத்துக்கொண்டு போய் நிற்கிற உதவிப் பிரிவு அலுவலர் எந்தக் கணக்கில் அலுவல் தொடர்பு இல்லாத நண்பர் ஆவார்?

இன்னொரு வரம்பும் இருக்கிறது. மற்ற எந்தச் சந்தர்ப்பத்திலும் குரூப் ஏ, பி அலுவலர்கள் 5,000 ரூபாய்க்கு மேலும், குரூப் சி ஊழியர்கள் 2,000 ரூபாய்க்கு மேலும் மதிப்புள்ள பரிசை அரசின் அனுமதி இல்லாமல் வாங்கக் கூடாது. இதை எல்லோரும் தலைகீழாகப் படிக்கிறார்கள். 'ஐயாயிரம் வரைக்கும் ஓகே' என்று கேன்டீனில் பேசிக்கொள்வார்கள். எந்தத் தொகைக்கு மேல் அனுமதி கேட்க வேண்டும் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. தன் மதிப்பீட்டு அறிக்கையை எழுதப்போகிற அதிகாரிக்கு நாலாயிரத்துத் தொள்ளாயிரம் ரூபாய்க்குப் பொருள் வாங்கித் தரலாம் என்று அதற்கு அர்த்தம் எடுத்துக்கொண்டால், நாளை விஜிலன்ஸில் உட்கார்ந்து விளக்கம் எழுத வேண்டியதுதான்.

சாதாரணமாக ஒரு வேளை சாப்பாடு, வண்டியில் ஒரு லிஃப்ட், சமூக மரியாதைக்கான உபசரிப்பு இவையெல்லாம் பரிசு ஆகாது என்றும் அதே விதியின் குறிப்பு சொல்கிறது. ஒரு டப்பா இனிப்பைப் பொதுவில் பகிர்ந்து சாப்பிடுவதை யாரும் குற்றம் சொல்லப் போவதில்லை. வெள்ளிக் காசு அந்தக் கணக்கில் வராது. வெள்ளி விலை ஏறியிருக்கிற ஏற்றத்தில் அது சின்னப் பொருளும் இல்லை.

வசூலுக்கு வருவோம். அனுமதி இல்லாமல் எந்த நோக்கத்துக்காகவும் அரசு ஊழியர் நிதி திரட்டக் கூடாது என்கிறது 12வது விதி. அதைவிட அழகான ஒரு குறிப்பு 14வது விதியின் கீழே இருக்கிறது. ஓய்வு பெறும்போதோ மாற்றலாகிப் போகும்போதோ தனிப்பட்ட முறையில் எளிமையாக ஒரு பிரிவு உபசாரம் நடத்தலாம் என்று அந்த விதி அனுமதிக்கிறது. ஆனால் அப்படிப்பட்ட எளிய நிகழ்ச்சிக்குக்கூடப் பணம் கொடு என்று யாரையும் நெருக்கக் கூடாது. அன்றைய மூன்றாம், நான்காம் வகுப்பு ஊழியர்களிடம், அதாவது இன்றைய குரூப் சி ஊழியர்களிடம், அவர்களுக்கு மேல்நிலையில் இருப்பவரின் உபசாரத்துக்காக எந்தச் சூழ்நிலையிலும் வசூலிக்கவே கூடாது. இதை எழுதியவர் யாரோ, செக்‌ஷனில் உட்கார்ந்து வேலை பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும். பிரிவு உபசாரத்துக்கே இந்தக் கட்டுப்பாடு என்றால், பதவியில் இருக்கிற அதிகாரிக்கு எம்.டி.எஸ். எனப்படும் கடைநிலை உதவி ஊழியரிடம் ஆயிரம் ரூபாய் வாங்கி வெள்ளிக் காசு கொடுப்பதை என்னவென்று சொல்வது?

போதாததற்கு, 2025 செப்டம்பரில் நிதி அமைச்சகத்தின் செலவினத் துறை ஓர் ஆணை போட்டது. தீபாவளிக்கோ மற்ற பண்டிகைகளுக்கோ அமைச்சகங்களும் துறைகளும் அரசுப் பணத்தில் பரிசுப் பொருள் வாங்கக் கூடாது என்றது அந்த ஆணை. இது அரசுக் கஜானாவைப் பற்றியது, ஊழியர்களின் சொந்தப் பணத்தைப் பற்றியது இல்லை. ஆனால் கஜானாக் கதவு சாத்தப்பட்ட இடங்களில் 'நாமே போட்டுச் செய்துவிடலாமே' என்று யாராவது எழுந்து நின்றால் ஆச்சரியப்பட மாட்டேன்.

சரி, விதியைக் கையில் வைத்துக்கொண்டு செக்‌ஷனில் சண்டை போட முடியுமா? புதிதாகச் சேர்ந்தவர், அதுவும் 'மதராஸி' என்று அடையாளம் குத்தப்பட்டவர், விதி எண்ணைச் சொல்லி மறுத்தால் ஒரு வருடத்துக்குப் பெயர் கெட்டுவிடும். வசூல் செய்பவரிடம் சிரித்த முகத்தோடு, "மேரி தரஃப் ஸே சப்கே லியே மிட்டாயி ஆயேகி" என்று சொல்லச் சொல்லுங்கள். என் பங்காக எல்லோருக்கும் இனிப்பு வரும் என்று அர்த்தம். அதற்குமேல் விளக்கம் வேண்டாம். மறுநாள் டப்பா வந்துவிட்டால் பேச்சு முடிந்தது. அப்படியும் வற்புறுத்தினால் 'வீட்டில் இதற்கெல்லாம் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்' என்று பழியை உங்கள் மேல் போடச் சொல்லுங்கள். கணவர் எதற்குத்தான் இருக்கிறார்!

தனியார் அலுவலகத்தில் வசூல் என்றால் நான் இவ்வளவு கறாராகச் சொல்ல மாட்டேன். குழந்தை பிறந்திருக்கிறது, மேனேஜர் வேலையை விட்டுப் போகிறார் என்றால் சேர்ந்து ஏதாவது வாங்குவது நல்ல பழக்கம்தான். வசூலிக்கிற முறையில்தான் அசிங்கம் இருக்கிறது. வாட்ஸ்ஆப் குழுவில் பெயர்ப் பட்டியல் போட்டு, கொடுத்தவர் பெயருக்கு நேரே டிக் போட்டுக்கொண்டே போவதைப் பார்த்திருப்பீர்கள். மீதி இரண்டு பெயர் டிக் இல்லாமல் நிற்கும்போது அந்த இரண்டு பேருக்கும் எப்படி இருக்கும்? ஒருவர் அந்த மாதம் அப்பாவின் மருத்துவச் செலவில் மாட்டிக்கொண்டிருக்கலாம். ஒரு கவரைச் சுற்றுக்கு விட்டு, விரும்பியவர் விரும்பியதைப் போடட்டும், வாழ்த்து அட்டையில் எல்லோரும் கையெழுத்துப் போடட்டும் என்பதுதான் மரியாதையான வழி. யார் எவ்வளவு போட்டார் என்பது கவருக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

உங்கள் மேனேஜர் அமெரிக்காவில் இருந்து டீமை நடத்துகிறவர் என்றால் இன்னும் சுலபம், ஒன்றுமே அனுப்ப வேண்டாம். பரிசு மேலிருந்து கீழே வரலாம், கீழிருந்து மேலே போகக் கூடாது என்பது அங்கே பொதுவான அலுவலக மரியாதை. அமெரிக்க மத்திய அரசு ஊழியர்களுக்கு அது சட்டமாகவே இருக்கிறது. பண்டிகை, பிறந்தநாள் மாதிரியான சந்தர்ப்பங்களில் மேலதிகாரிக்குத் தரும் பொருள் 10 டாலர் மதிப்பைத் தாண்டக் கூடாது. கல்யாணம், ஓய்வு பெறுதல் போன்ற அபூர்வமான சந்தர்ப்பங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவருக்கு உங்கள் பட்டுச் சால்வை சந்தோஷத்தைவிடச் சங்கடத்தையே தரும். உங்கள் கம்பெனியிலும் நடத்தை விதிக் கையேடு ஒன்று இருக்கும். சேர்ந்த அன்று படிக்காமலே 'ஒப்புக்கொள்கிறேன்' என்று அழுத்தியிருப்பீர்கள். அதில் பரிசுப் பகுதியை மட்டும் ஒருமுறை படித்துவிடுங்கள். பெரும்பாலும் வெளியாட்கள் தரும் பரிசைப் பற்றித்தான் இருக்கும், சிலவற்றில் உள்ளுக்குள் கொடுப்பதைப் பற்றியும் வரி இருக்கும்.

எப்போது கொடுக்கிறோம் என்பதும் முக்கியம். தீபாவளிக்கு ஒரு வசதி உண்டு, அது மதிப்பீட்டுக் காலத்திலிருந்து தள்ளி நிற்கிறது. அரசில் வருடாந்திர மதிப்பீட்டு அறிக்கை மார்ச் 31-ஓடு முடியும் ஆண்டுக்கானது. ஊழியர் தன் பகுதியை ஏப்ரல் நடுவில் எழுதிக் கொடுப்பார், அதிகாரி ஜூன் முடிவுக்குள் எழுதி முடிக்க வேண்டும். பல தனியார் கம்பெனிகளிலும் அதே சமயம்தான் அப்ரைசல். அந்த மாதங்களில் மேலதிகாரிக்குப் பிறந்தநாள் வந்தால் வாயால் வாழ்த்துச் சொல்லுங்கள், போதும். கேக் வெட்டுவதென்றால் டீம் மொத்தமும் சேர்ந்து வெட்டட்டும். முட்டை போடாத கேக்காக இருக்கட்டும், டெல்லியில் இதை யாரும் சொல்ல மாட்டார்கள், ஆனால் எதிர்பார்ப்பார்கள்.

டெல்லித் தீபாவளியின் கணக்கும் நம்முடையதும் வேறு. நாம் விடியற்காலை எண்ணெய் தேய்த்துக் குளித்து, பட்டாசு வெடித்து, காலை பத்து மணிக்கெல்லாம் பண்டிகையை முடித்துவிடுவோம். இவர்களுக்கு அமாவாசை அன்று மாலை லட்சுமி பூஜையோடுதான் தொடக்கம். பல வருடங்களில் நமக்கு ஒருநாள் முன்பாகவே முடிந்திருக்கும். அலுவலகத்தில் டப்பாக்கள் கைமாறுவதோ, அந்தப் பூஜைக்கு இரண்டு நாள் முன்பு வரும் தன்தேரஸுக்கும் முந்தைய வாரத்தில். ஆகவே அம்மாவை அதற்கு முன்பே அல்வா வந்து சேரும்படி அனுப்பச் சொல்லுங்கள். யாராவது தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் வருவதாக இருந்தால் கொடுத்தனுப்பலாம், இரண்டு இரவுப் பயணத்தை நெய்யில் கிண்டிய அல்வா தாங்கும். பால்கோவாவை மட்டும் அப்படி அனுப்பச் சொல்லாதீர்கள்.

மட்டமாக நினைப்பார்களா என்று கேட்டிருந்தீர்கள். தீபாவளி வாரத்தில் டெல்லி அலுவலகங்களில் காஜு கத்லியும் சோன் பாப்டியும் உலர்பழப் பெட்டியும்தான் மாறி மாறிச் சுற்றும். சில சோன் பாப்டி டப்பாக்கள் நாலு வீடு போய்விட்டு நம்மிடம் வரும். அதற்கு நடுவில் திருநெல்வேலி அல்வா வந்தால் அது என்னவென்று எட்டிப் பார்க்க ஆள் வரும். ஆளுக்கு ஒரு துண்டு போதும், நெய் அதிகம் என்பதால் டிஷ்யூ பேப்பர் வைத்துவிடுங்கள். கொஞ்சம் கோவில்பட்டி கடலை மிட்டாயோ மணப்பாறை முறுக்கோ கூட இருந்தால் சர்க்கரை வியாதிக்காரர்கள் முறுக்குப் பக்கம் ஒதுங்கிக்கொள்வார்கள். டப்பாவைப் பேன்ட்ரி மேசையில் திறந்து வையுங்கள். பாஸின் அறைக்கு ஒரு தட்டில் நாலு துண்டு கொண்டு போய், "சார், ஊரிலிருந்து அம்மா அனுப்பினாங்க" என்று சொல்லிவிட்டு வாருங்கள். எல்லோரும் சாப்பிடுகிற பொருளைத்தான் அவரும் சாப்பிடுகிறார். அதில் யாருக்கும் எதுவும் உறுத்தாது.

நவராத்திரிக்கு ஒரு எச்சரிக்கை. நம் வீட்டில் கொலு வைத்துச் சுண்டல் செய்கிற அதே ஒன்பது நாளில்தான் இங்கே பாதிப் பேர் விரதம் இருப்பார்கள். தானியம், பருப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் தொட மாட்டார்கள். நாம் ஆசையாகக் கொண்டுபோகும் கொண்டைக்கடலைச் சுண்டலை அவர்கள் கையில் வாங்கிக்கொண்டு தவிப்பார்கள். பழம் கொண்டு போங்கள், இல்லாவிட்டால் கொலுவுக்கு அழையுங்கள். மேலதிகாரியின் மனைவியைத் தாராளமாக அழைக்கலாம். ஆனால் அவரை மட்டும் அழைக்காமல் செக்‌ஷனில் இருக்கிற எல்லாப் பெண்களையும் அழைக்கச் சொல்லுங்கள். வந்தவர் எல்லோருக்கும் ஒரே தாம்பூலம், ஒரே தேங்காய், ஒரே ரவிக்கைத் துணி. ஆர்.கே. புரம், மயூர் விஹார் பக்கத்துத் தமிழ் வீடுகளில் வெகு காலமாக இப்படித்தான் நடக்கிறது.

ஹோலிக்கு அதிகாரி வீட்டிலிருந்து ஒரு டப்பா நிறைய குஜியா (நம் சோமாசி மாதிரி) வரலாம். வாங்கிக்கொள்ளுங்கள், கீழே வருகிற பரிசை மறுக்கத் தேவையில்லை. உடனே ஓடிப்போய் அதே விலைக்கு எதையாவது வாங்கித் தரவும் வேண்டாம். பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரக் கூடாது என்று நம் வீட்டில் சொல்வார்கள் இல்லையா, அந்த அளவுக்குக் கொஞ்சம் தட்டையோ ரிப்பன் பக்கோடாவோ போட்டுத் திருப்பினால் சரியாக இருக்கும்.

பொருளாகவே தர வேண்டிய சந்தர்ப்பமும் வரும், முக்கியமாக அவர் ஓய்வு பெறும்போது. என்னைக் கேட்டால் மேலதிகாரிக்குக் கொடுக்கக்கூடிய மிகச் சுத்தமான பரிசு அதுதான். மாதத்தின் கடைசி வேலை நாளில் மாலை போட்டு அனுப்பிய பிறகு அவர் கையில் உங்களுக்குத் தர எதுவும் இல்லை, நீங்களும் எதையும் எதிர்பார்த்துக் கொடுக்கவில்லை. டீமாகச் சேர்ந்து, விரும்பியவர்கள் மட்டும் போட்டு வாங்குங்கள். பாபா கரக் சிங் மார்க்கில் மாநில எம்போரியங்கள் வரிசையாக இருக்கின்றன, அங்கே நம் பூம்புகாரும் இருக்கிறது. சின்னத் தஞ்சாவூர் கலைத்தட்டோ, பித்தளை விளக்கோ எடுக்கலாம். தலையாட்டி பொம்மை மட்டும் வேண்டாம். இத்தனை வருடம் யார் யாருக்குத் தலையாட்டினார்கள் என்று ஹால் முழுக்கச் சிரிக்கும். கூடவே, அவரிடம் கற்றுக்கொண்ட ஒரு விஷயத்தைக் குறிப்பிட்டு நாலு வரி கையால் எழுதிக் கொடுங்கள். ஓய்வு பெற்ற நண்பர்கள் வீட்டில் நான் பார்த்த வரை சூட்கேஸும் கடிகாரமும் பரண் மேல் கிடக்கும், கடிதம் பீரோவில் இருக்கும்.

தவிர்க்க வேண்டியவற்றைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். கல்யாணக் கவர் தவிர, பணமும் கிஃப்ட் கார்டும் கூடவே கூடாது. மதுபாட்டில், டெல்லியில் எவ்வளவு சகஜமாக இருந்தாலும், உங்கள் கையால் வேண்டாம். பிள்ளையார்-லட்சுமி சிலையை அவருடைய மதம் தெரியாமல் தராதீர்கள். ஜைனர் என்றால் தோல் பர்ஸும் உருளைக்கிழங்கு சிப்ஸும் ஆகாது. சென்ட், உடை, நகை ஆகியவை யாருக்குமே பொருந்தாது, பெண் அதிகாரிக்கு ஆண் ஊழியர் தருவதென்றால் இன்னும் பொருந்தாது. தலைமைப் பண்பை வளர்த்துக்கொள்வது எப்படி என்கிற மாதிரிப் புத்தகம், பாவம், எவ்வளவு நல்ல எண்ணத்தில் கொடுத்தாலும் அவர் தப்பாகத்தான் எடுத்துக்கொள்வார்.

மேலதிகாரி வீட்டுக் கல்யாணம் என்றால் லிஃபாஃபா, அதாவது பணம் வைத்துத் தரும் கவர். ஒரு ரூபாய் நாணயம் ஒட்டிய கவர் கடையிலேயே கிடைக்கும். 501 அல்லது 1,101, உங்கள் நிலையில் இருக்கிற மற்றவர்கள் வைப்பதை விசாரித்து அதையே வையுங்கள். மொய் எழுதுகிற ஊரிலிருந்து வந்த நமக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அரசு அதிகாரி என்றால் அதற்குள்ளேயே நிறுத்திக்கொள்வது அவருக்கும் நல்லது. துக்க வீடு என்றால் எதுவும் எடுத்துப் போக வேண்டாம், வெளிர் நிறத்தில் உடுத்திப் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தால் போதும்.

அந்த ஆயிரம் ரூபாயை எப்படியும் செலவு செய்ய வேண்டும் என்று தோன்றினால், வழி இருக்கிறது. டீ கொண்டு வருகிறவர், ஃபைல் தூக்குகிற எம்.டி.எஸ்., ஒப்பந்தத்தில் வேலை பார்க்கும் துப்புரவுத் தொழிலாளி, வாசலில் நிற்கிற கார்டு இவர்களுக்குத் தீபாவளிக்குக் கவர் கொடுப்பது டெல்லியின் நல்ல வழக்கங்களில் ஒன்று. ஒப்பந்த ஊழியர்களில் பலருக்கு போனஸ் என்பது பேச்சளவில்தான். தலைக்கு இருநூறு, கூட ஒரு இனிப்புப் பொட்டலம். எனக்குத் தெரிந்த ஒரு அதிகாரி தனக்கு வந்த டப்பா அத்தனையையும் செக்‌ஷன் மேசையில் அடுக்கிவிடுவார். எம்.டி.எஸ். தம்பி ஒருவர் அவற்றைப் பிரித்து எல்லோருக்கும் கொடுப்பார், முதல் டப்பா அவருக்கே. அந்த வழக்கம் தெரிந்த பிறகு அதிகாரிக்கென்று தனியாக விலையுயர்ந்த பொருள் கொண்டுவருவதையே ஆட்கள் நிறுத்திவிட்டார்கள்.

ஒருவேளை அதிகாரியே ஜாடையாகக் கேட்டால்? 'இந்தத் தடவை என்ன விசேஷம்' என்று சிரித்துக்கொண்டே கேட்பது ஒரு ரகம். அதற்கு அல்வாத் தட்டு போதும். இன்னது வேண்டும் என்று பொருளைச் சொல்லியோ, உங்கள் லீவையோ இடமாற்றத்தையோ அதோடு முடிச்சுப் போட்டோ கேட்டால் அது பரிசு இல்லை, லஞ்சம். 2018-இல் திருத்தப்பட்ட ஊழல் தடுப்புச் சட்டத்தில் லஞ்சம் கொடுப்பவருக்கும் தண்டனை உண்டு. கட்டாயத்தால் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் புகார் செய்தால்தான் அதிலிருந்து தப்ப முடியும். அந்த மாதிரி நிலைமை வந்தால் மனைவியைப் பேச்சை எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். தேதி, நேரம், யார் கூட இருந்தார்கள் என்பதெல்லாம் இருக்கட்டும். அமைச்சகத்துக்கென்று தலைமை விஜிலன்ஸ் அதிகாரி ஒருவர் இருப்பார், அவரிடம் போகலாம். உங்கள் கம்பெனியில் என்றால் அமெரிக்கத் தலைமையகம் புகாருக்கென்று தனி எண்ணோ மின்னஞ்சலோ வைத்திருக்கும், அந்தக் கையேட்டின் கடைசிப் பக்கங்களில் தேடிப் பாருங்கள்.